சேலையூர் ஹாலில் ஒரு சிறுத்தை

கண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பேன். வேறு எங்கிருந்து ஆரம்பித்தாலும் எனக்கு மனசு கேட்காது. நமக்குத் தெரிந்த மீன் கண் எல்லாம் ஐஸ்கட்டி மேல் அசையாமல் கிடக்கிற கண், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "இன்னிக்கு மீனா, நேத்து மீனா" என்று பேரம் பேச உதவுகிற கண். இது அப்படியில்லை சார், இது பார்க்கிற கண்! இரண்டும் தனித்தனியாக உருளும். பாறையிடுக்கில் ஒரு தூசி நகர்ந்தால் போதும், உடம்பு அப்படியே தண்ணீரில் நிற்க, கண் மட்டும் திரும்பும், குறி பார்க்கும், யோசிக்கும், ஆமாம் யோசிக்கும், நான் அடித்துச் சொல்வேன், அப்புறம் ஒரே கொத்து. கொத்தி முடித்த கையோடு அதே கண் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற என்னை மேலும் கீழும் ஒருமுறை அளக்கும் பாருங்கள், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னை யாரும் அப்படி எடைபோட்டதில்லை.

பெயரைச் சொல்லவில்லையே. ப்ளூ ஸ்டார் லெப்பர்ட் ராஸ். புத்தகங்களில் மேக்ரோஃபாரிங்கோடான் பைபார்ட்டிடஸ். எங்கள் வீட்டில் சிறுத்தையம்மா. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 13 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஐந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட ராஸ் குடும்பத்தில் ஆறடிக்கு மேல் வளர்கிற நெப்போலியன் ராஸ் எல்லாம் உண்டு, இருக்கட்டும், எனக்கு இந்த உள்ளங்கை போதும். இப்போது கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை பண்ணுங்கள். முதுகுப் பக்கம் முழுக்க ஆரஞ்சு. அந்த ஆரஞ்சில் வெள்ளைப் பொட்டு வெள்ளைப் பொட்டாக. பாதி உடம்புக்குக் கீழே திடீரென்று நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில், ஐயோ, அந்தக் கறுப்பில் நீலம்! சாயம் பூசின நீலம் இல்லை, லைட் படுகிற கோணம் மாறினால் அணைந்து எரிகிற நீலம், ஒரு பொட்டு போல் இன்னொரு பொட்டு இல்லாமல் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கிற நீலம். இவ்வளவும் பெண்ணுக்குத்தான். ஆண் வளர்ந்து பச்சையும் செம்மண்ணுமாக நெளிகோடு போட்டுக்கொள்ளும், அதுவும் அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் பெண்ணைப் பார்த்தவன் ஆணைத் தேடிப் போகமாட்டான்.

1957-ல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் தென்னாப்பிரிக்காவின் ஜே.எல்.பி. ஸ்மித். யார் தெரிகிறதா? டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துவிட்டது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த சீலகாந்த் மீன் 1938 டிசம்பரில் ஒரு மீன்பிடிப் படகில் வந்து இறங்கியதே, அதை இன்னதென்று அடையாளம் சொன்ன அதே ஸ்மித்! அந்த மனுஷன் கையால் பெயர் வாங்கிய மீன் தாம்பரத்துக்குப் பக்கத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், என் ஹாலில், டிவி இருந்த இடத்தில் நீந்துகிறது. டிவி இப்போது படுக்கையறையில். யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கு வந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில். 2019-ல் ஈஞ்சம்பாக்கத்துப் பக்கம் வி.ஜி.பி. மரைன் கிங்டம் திறந்தார்களே, அங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் சுறாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, நான் ஏதோ ஒரு சின்னத் தொட்டி முன்னால் மார்புச் சிறகால் மட்டும் துடுப்புப் போட்டு நீந்துகிற ஒரு ராஸைப் பார்த்து நின்றுவிட்டேன். கவனித்திருக்கிறீர்களா, ராஸ் சாதாரணமாக வாலை ஆட்டி நீந்தாது. வால் சும்மா பின்னாலேயே வரும், முன்பக்கத்து இரண்டு சிறகும் படபடவென்று அடிக்கும், மீன் பறக்கும். தண்ணீருக்குள் ஒன்று பறப்பதைப் பார்த்த பிறகு வீட்டில் கப்பியும் மோலியும் வளர்த்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. முடியவில்லை.

நான் விசாரித்த இடத்தில் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "லெப்பர்டா? வேணாம் சார். நிக்காது." கடைக்காரர்கள் பாஷையில் நிக்காது என்றால் செத்துப்போகும். ஏன் நிற்காது? பட்டினி. அவ்வளவுதான் காரணம். கடலில் இது நாள் முழுக்க மணலிலும் பாறையிலும் மிதந்து மிதந்து கொத்திக்கொண்டே இருக்கும். கோப்பெபாட் என்கிற தூசியளவு, இறாலுக்குத் தூரத்து உறவான உயிர்கள், குட்டிக் குட்டி நத்தைகள், ஃபோராமினிஃபெரா என்கிற சுண்ணாம்பு ஓடு போட்ட ஒற்றைச்செல் உயிர்கள், இவைதான் தீனி. ஓட்டை உடைக்கத் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடையும் அதில் கடைவாய்ப்பல்லும் வைத்திருக்கிறது, நம்ப முடிகிறதா, வாயில் இருக்கிற பல் பொறுக்குவதற்கு, தொண்டையில் இருக்கிற பல் நொறுக்குவதற்கு! இப்படிப்பட்ட மீனை நேற்றுத் தண்ணீர் ஊற்றின தொட்டியில் கொண்டுவந்து விட்டு, மேலே நாலு உருண்டைத் தீனி தூவினால் அது எப்படி நிற்கும்? மீன்மேல் ஒரு தப்பும் இல்லை. முதலில் மீனின் சாப்பாட்டை வளர்க்க வேண்டும், அப்புறம்தான் மீன். இதுதான் மொத்த ரகசியமும், இதற்கு மேல் ஒன்றுமே இல்லை, சத்தியமாக.

ஆகவே வளர்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேலேயே வெறும் தொட்டியையும், அதில் இரண்டு கோமாளி மீனையும், கல் எலும்பு இல்லாத பவள உறவுகளான மஷ்ரூமையும் ஸோவாந்திட்டையும் கொஞ்சம் வைத்துக்கொண்டு தவம் கிடந்தேன். கல்பவளம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் கடலின் கல்பவளம் அத்தனையும், கடல்விசிறியும், கடல்குதிரையும் 1972-ம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருக்கிறவை, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அவை நன்றாக இருக்கட்டும், என் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறைதான். அந்தப் பாறை முழுக்க இப்போது ஊதாப் பூச்சு ஏறி, இடுக்குக்கு இடுக்கு ஏதோ ஊர்ந்துகொண்டிருக்கிறது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூசி ஓடும். தூசி இல்லை, கோப்பெபாட்! முதல்முறை அதைப் பார்த்த ராத்திரி எங்கள் வீட்டு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "ஏங்க, இதுக்காகவா எழுப்பினீங்க" என்றாள். ஆமாம், இதற்காகத்தான்.

மாடிப்படிக்குக் கீழே நிழலில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள். பாதி பாட்டிலில் பச்சைத் தண்ணீர், அதாவது நுண்பாசி. மீதியில் அந்தப் பாசியைத் தின்கிற கோப்பெபாட். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காற்றுக்குழாய், குபுகுபுவென்று சத்தம். பக்கத்து வீட்டு மாமா இன்றைக்கும் அது ஏதோ மூலிகைக் கஷாயம் என்றுதான் நம்புகிறார், நானும் கெடுக்கவில்லை. போதாக்குறைக்கு ஆர்டீமியா. உப்புத் தண்ணீரில் முட்டையைக் கொட்டிக் காற்று விட்டால் மறுநாளே பொரிந்து ஆரஞ்சுப் புகையாக எழும்புமே, அதுவும் தினப்படி. நம் தாம்பரத்து போர் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும், பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர், அதனால் ஆர்.ஓ. போட்டு, அதற்கு மேல் ரெசின் போட்டு வடிகட்டி, நீல டிரம்மில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கலந்து, ஒரு ராத்திரி சுற்றவிட்டு, இதெல்லாம் வேலையா என்று கேட்டால் வேலைதான், ஆனால் அந்த உப்பு கரைகிறபோது ஹாலில் ஒரு வாசனை வரும், கோவளத்தில் காலை நேரத்து வாசனை, அது வந்தால் எனக்கு வேலை தெரியாது.

கொளத்தூர்! வண்ணமீன் பைத்தியங்களின் தலைநகரம்! தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், அங்கே இன்னொரு ட்ரெயின், வில்லிவாக்கம். அந்த மூர் மார்க்கெட் என்கிற பெயரைக் கேட்டாலே எங்கள் அப்பா தலைமுறைக்குக் கண் பனிக்கும். 1985-ல் எரிந்துபோன பழைய மார்க்கெட்டில்தான் அவர்கள் பழைய புத்தகமும் கிளியும் மீனும் வாங்கினார்கள். எனக்குக் கொளத்தூர். சந்துக்குச் சந்து தொட்டி, வாசலுக்கு வாசல் பாலித்தீன் பைகளில் தொங்குகிற தங்கமீன், அதையெல்லாம் தாண்டி ஒரு கடையின் உள்ளறை. நீல லைட். கடைசி வரிசை. கடைக்கார அண்ணன் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், கென்யா ஷிப்மென்ட் வந்திருக்கு, ஒண்ணே ஒண்ணு, வந்து பாருங்க என்று. ஆபீசுக்கு என்ன காரணம் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

குனிந்து பார்த்தேன். ஒரு தயிர் டப்பாவில் மணல், அந்த மணலுக்கு மேல் அது. என்னைப் பார்த்தது. முடிந்தது கதை. ஆனாலும் கற்ற பாடத்தை விடவில்லை, "சாப்பிடுதா அண்ணா, காட்டுங்க" என்றேன். அவர் கொஞ்சம் ஆர்டீமியாவைப் பிழிந்துவிட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அது பக்கவாட்டில் சாய்ந்தது, கண் உருண்டது, டக். இன்னொரு டக். நான் கடைக்குள் சத்தமாகக் கைதட்டிவிட்டேன், பக்கத்தில் ஆஸ்கர் மீன் வாங்க வந்த காலேஜ் பையன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். விலை நாலு இலக்கம். அந்த நாலில் முதல் இலக்கம் என்ன என்று வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்த பயணத்தை எப்படிச் சொல்வேன்! மடியில் தெர்மாகோல் பெட்டி, அதற்குள் ஆக்சிஜன் அடைத்த பை, அதற்குள் அவள். கோடம்பாக்கத்தில் கூட்டம் ஏறியது, நான் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். மாம்பலத்தில் பூக்கூடையோடு ஏறின ஒரு அம்மா "என்னப்பா, கேக்கா?" என்றார். "மீனும்மா." "ஐஸ் போட்டிருக்கியா?" "உயிரோட இருக்கும்மா." அவ்வளவுதான், சைதாப்பேட்டை வருவதற்குள் பெட்டி மூடி திறந்து, கம்பார்ட்மென்ட்டில் பாதிப் பேர் எட்டிப் பார்த்து, ஒருவர் செல்போன் டார்ச் அடிக்க, அந்த நீலப் பொட்டு மின்ன, ஒரு சின்னப் பெண் "ஆ" என்று வாயைத் திறந்தது கிண்டி வரை மூடவில்லை. திரிசூலத்தில் ட்ரெயின் நின்றபோது எதிரே விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. மொம்பாஸா பக்கத்துக் கடல், அங்கிருந்து ஏதோ விமானம், அங்கிருந்து கொளத்தூர், இப்போது பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம். எந்த மகாராஜாவுக்கும் இப்படி ஒரு ஊர்வலம் நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து, பையை மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாற்றி, மெதுவாகத் தொட்டியில் விட்டேன். குடும்பமே சுற்றி நின்றது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முன்வரிசை. அவள் பையிலிருந்து வெளியே வந்தாள், ஒரு வட்டம் போட்டாள், லைட்டில் மொத்த வானவில்லும் ஒருமுறை தெரிந்தது, பிள்ளைகள் "ஏய்ய்ய்" என்று ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான், தலைகீழாகத் திரும்பி மணலுக்குள் ஒரே பாய்ச்சல். ஒரு சிறு புழுதி. புழுதி அடங்கியது. மீன் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, பாறை இருக்கிறது, கோமாளி மீன் இரண்டும் இருக்கின்றன, நான் வாங்கிவந்தது மட்டும் இல்லை. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "டேய், காசு குடுத்து மீன் வாங்கி மண்ணுல புதைச்சிருக்கியேடா" என்று அம்மா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

எனக்கு இது தெரியும். படித்திருந்தேன். லெப்பர்ட் ராஸ் மணலுக்குள் படுத்துத்தான் தூங்கும், பயந்தாலும் மணலுக்குள்தான் போகும், புது இடத்தில் பல நாள் வெளியே வராது, தோண்டிப் பார்க்கவே கூடாது. அதற்காகத்தானே சர்க்கரை போல நைசான அரகோனைட் மணலை நாலு விரற்கடை ஆழத்துக்குப் போட்டிருந்தேன், பருமணலாக இருந்தால் உடம்பு கீறிவிடும் என்று. எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம்! ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து சிவப்பு டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மணலில் ஒரு குமிழ் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆபீஸில் கூட்டம் நடக்கிறது, எதிரே யாரோ காலாண்டுக் கணக்குக் காட்டுகிறார்கள், நான் மணலை நினைத்துக்கொண்டிருக்கிறேன். மணலுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது, அதையே பார்த்துப் பார்த்து அது மேடா என் கண்ணா என்றே தெரியாமல் போய்விட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை. வாசலில் கோலமாவுக்காரர் கத்திக்கொண்டு போகிறார், குக்கர் விசில் அடிக்கிறது, நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மணல் அசைந்தது. அந்த மேட்டில் இல்லை, அதற்கு நேர் எதிர் மூலையில்! முதலில் மூக்கு. ஆரஞ்சு மூக்கு. அப்புறம், கேளுங்கள், அப்புறம் அந்தக் கண். தலை மட்டும் மணலுக்கு மேலே, கண் இந்தப் பக்கம் உருள்கிறது, அந்தப் பக்கம் உருள்கிறது, கோமாளியை அளக்கிறது, பாறையை அளக்கிறது, என்னை அளக்கிறது. நான் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. காபி டம்ளர் கையில் சுடுகிறது, வைக்கவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, உடம்பு முழுவதும் மணலிலிருந்து எழுந்து, வெள்ளைப் பொட்டிலிருந்து மணல் உதிர, நீலப் பொட்டு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்க, இரண்டு சிறகையும் விரித்து, பறந்து, நேரே பாறைக்குப் போய், சாய்ந்து, குறிபார்த்து, டக்! நான் வளர்த்த கோப்பெபாட்! மாடிப்படிக்குக் கீழே நான் மாசக்கணக்கில் பாட்டிலில் ஆட்டி ஆட்டி வளர்த்த கோப்பெபாட்! "வந்துட்டா! வந்துட்டா!" என்று நான் போட்ட கூச்சலில் மாவுக்காரர் நின்று திரும்பிப் பார்த்தார், எங்கள் வீட்டு அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள், என் அம்மா "யாருடா வந்துட்டா, யாரு?" என்று வாசலுக்குப் போய்விட்டாள், நான் லுங்கியோடு ஹாலில் குதித்தேன், ஆம்பளை நாற்பது வயசில் குதித்தேன், வெட்கமே இல்லை, இன்றைக்கும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தேன் என்றால் உலகத்துக்குத் தெரிந்ததுதான், எனக்குப் புதுசு. இந்த மீன் தன் ஊர்ச் சூரியனைக் கூடவே எடுத்துக்கொண்டு வரும். புது இடத்துக்கு வந்தாலும் பழைய ஊர் நேரத்துக்கே எழும், தூங்கும். பசிபிக் பக்கத்திலிருந்து வருகிற ராஸ் எல்லாம் நம் வீட்டில் நட்டநடு மதியத்தில் தூங்கப் போய், வளர்ப்பவரைப் பைத்தியமாக்கும். என் சிறுத்தையம்மா கென்யாக்காரி. கென்யாக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அங்கே சாயங்காலம் ஆறேகால் என்றால் இங்கே எட்டே முக்கால். நான் ஆபீஸ் முடிந்து வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே தொட்டி லைட்டைக் காலையில் தாமதமாகப் போட்டு ராத்திரி ஒன்பதரைக்கு அணைக்கிறவன். பொருத்தம் பார்த்தீர்களா! ஜாதகம் பார்த்துக் கட்டினால்கூட இப்படி அமையாது. அவளும் தன் பழக்கத்தை மாற்றவில்லை, நானும் என் பழக்கத்தை மாற்றவில்லை. நான் செருப்பைக் கழற்றுகிற நேரம் அவள் சாயங்கால வேட்டையில் இருப்பாள்.

இவளைப் பற்றியே பேசுகிறேன் என்று இதன் பெரியம்மா பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. க்ளீனர் ராஸ். நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கிறது, நீலக் கோடு போட்ட விரல்நீள மீன், பெரிய மீன்களின் உடம்பில் இருக்கிற ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்று பிழைப்பது. ஆஸ்திரேலியாவில் அலெக்ஸாண்ட்ரா க்ரட்டர் 1996-ல் எண்ணிப் பார்த்தார்: ஒரு க்ளீனர் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணி. அது மட்டுமா, 2019-ல் ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்து ஆட்கள் இதன் தொண்டையில் ஒரு பழுப்புப் பொட்டு வைத்து முன்னால் கண்ணாடி வைத்தார்கள். கண்ணாடியில் பார்த்த மீன் போய்த் தன் தொண்டையை மணலில் தேய்த்தது! அதாவது, அங்கே தெரிவது நான்தான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது! இதைப் படித்த ராத்திரியே குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து சிறுத்தையம்மாவுக்குக் காட்டினேன். அவள் ஒருமுறை பார்த்தாள், சிறகு விரித்தாள், கண்ணாடியை விட்டுவிட்டு மேலே அதைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையைத்தான் அதிகம் பார்த்தாள். எனக்கு அது போதும். க்ளீனரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், அது கடலில் அத்தனை மீன்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஜீவன், தொட்டியில் பெரும்பாலும் மெலிந்து சாகும்.

அந்த க்ளீனரைப் பற்றித்தான் 1972-லேயே ராபர்ட்சன் எழுதினார்: கூட்டத்தில் ஒரு ஆண், மீதி எல்லாம் பெண், ஆண் போய்விட்டால் பெரிய பெண் இரண்டு மணி நேரத்துக்குள் ஆண்மாதிரி அதிகாரம் பண்ண ஆரம்பித்து, மூன்று வாரத்துக்குள் முழு ஆணாகவே ஆகிவிடும். லெப்பர்ட் ராஸிலும் பெண்தான் ஆணாகிறது. அதனால் எனக்கு ஒரு கனவு. இன்னொரு சின்னப் பெண் மீனைக் கொண்டுவந்து விட்டால் இவள் பெரியவளாகி, மெல்ல மெல்லப் பச்சை ஏறி, நெளிகோடு வரைந்துகொண்டு... சொல்லும்போதே புல்லரிக்கிறது. ஆனால் அந்த நீலப் பொட்டு போய்விடுமே! இந்தத் தர்மசங்கடத்தில் நான் பல ராத்திரி தூங்கவில்லை. கொளத்தூர் அண்ணனிடம் மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணீரில். எங்கள் தெருவிலும் கரண்ட் போனது, வரவில்லை. இன்வர்ட்டர் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு அடங்கியது. தொட்டிக்குள் அலை நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, ரீஃப் டேங்க் வைத்திருப்பவனைக் கேளுங்கள், அதைவிடப் பயங்கரமான சத்தம் கிடையாது. நல்லவேளை, புயல் குளிரில் தண்ணீர் சூடேறவில்லை, ஆனால் ஆக்சிஜன்? பேட்டரி ஏர்பம்ப் ஒன்றுதான். கீழ்வீட்டுக்காரர்கள் தண்ணீர் வந்துவிட்டதென்று மேலே எங்களோடு வந்திருந்தார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் முறை வைத்துக்கொண்டு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், மெழுகுவத்தி வெளிச்சத்தில், வெளியே மழை கொட்ட, உள்ளேயும் தண்ணீர் கொட்ட, பாட்டி கதை சொல்ல, யாரும் தூங்கவில்லை. "மீன் எங்க அங்கிள், ஒண்ணும் தெரியலையே" என்றான் கீழ்வீட்டுப் பையன். "மணலுக்குள்ள தூங்குதுடா, ஊத்து" என்றேன். கரண்ட் வந்து, அலை எழும்பி, லைட் எரிந்து, கென்யாவில் பொழுது விடிகிற நேரத்துக்குச் சரியாக மணலிலிருந்து மூக்கை நீட்டினாள் பாருங்கள், பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தெருவே என்னவோ ஏதோ என்று பால்கனிக்கு வந்தது, நான் அழுதேன், மறைக்க மாட்டேன், நன்றாகவே அழுதேன்.

குறையா? கரண்ட் பில் வரும். கத்திரி வெயிலில் சில்லர் இரவுபகலாக ஓடும், இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருகிற அந்த எண்ணைப் பார்த்து வீட்டில் கொஞ்ச நேரம் மௌனம் நிலவும். அவ்வளவுதான். அதற்குமேல் இந்த மீனிடம் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

நீங்களும் வாங்க நினைத்தால் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இவ்வளவே. ஒரு வயசு ஆகாத தொட்டியில் இதை விடாதீர்கள். ராத்திரி டார்ச் அடித்தால் கண்ணாடியில் தூசி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடவில்லை என்றால் பாட்டிலில் கோப்பெபாட் வளர்க்க ஆரம்பியுங்கள், மீனை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மணல் நைசாக இருக்கட்டும். தொட்டிக்கு மேலே வலை கட்டாயம், இது துள்ளும், துள்ளினால் தரைதான். கடையில் கண்ணெதிரே சாப்பிட்டுக் காட்டாத மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். இவ்வளவு செய்ய முடியாது, சும்மா ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர்கள் தாராளமாக எங்கள் வீட்டுக்கு வரலாம், காபி உண்டு. எட்டரைக்குள் வந்துவிடுங்கள். அதற்கப்புறம் மந்திரியே வந்தாலும் அவள் மணலை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.